வீட்டுக்கே வந்து தெரபி கொடுக்க அரசுப் பணம் கிடைக்குமா? (ஆட்டிசம், 6 வயது)

திருப்பூர்_அம்மா:
வணக்கம். என் பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கியாச்சு, குறைபாடு 60 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். முதலில் கோயம்புத்தூரில் ஒரு சென்டருக்குத்தான் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏர்ஹாரன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில் போய்விடுவான், போய்ச் சேருவதற்குள் அழுது ஓய்ந்திருப்பான், அப்புறம் யார் என்ன சொல்லிக் கொடுத்தாலும் அன்றைக்கு ஏறாது. இப்போது ஒரு சிறப்பாசிரியை வீட்டுக்கு வருகிறார். குடத்தில் டம்ளரை விட்டுத் தண்ணீர் மொண்டு குடிக்கிறான், பசித்தால் தட்டுப் படத்தை எடுத்து என் கையில் கொடுக்கிறான். இது எல்லாமே வீட்டில் வந்ததுதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஆர்டர் இல்லாத மாதம் முடியவே முடியவில்லை. ஆபீஸில் கேட்டால் “அப்படி ஒரு திட்டமே இல்லையேம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். நிஜமாகவே இல்லையா?

கரூர்_அப்பா:
“வீட்டுத் தெரபிக்கு” என்று பெயர் போட்ட திட்டத்தைத் தேடினால் கிடைக்காதுங்க. அங்கங்கே இருப்பதைச் சேர்த்துத்தான் சமாளிக்க வேண்டும்.

முதலில் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. இதில் சர்டிஃபிகேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதம் போதும், ‘கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்’ என்ற வகையில் கேட்டால் 75 வேண்டும். உங்கள் பையனுக்கு ஆட்டிசம் மட்டும் போட்டிருந்தால் 60-ஐக் காட்டித் திருப்பி அனுப்பக்கூடும். அறிவுசார் குறைபாடும் இருப்பதாக டாக்டர் நினைத்தால் இரண்டையும் சேர்த்து மதிப்பீடு செய்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், அது முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிராமயா. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு 1 லட்சம் வரை. தொடர் தெரபிக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் அதற்குத் தனி வரம்பு இருப்பதால் முழு லட்சத்தையும் தெரபிக்கே எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாம் முதலில் கட்டிவிட்டுப் பில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் டீச்சரிடம் இன்றே சொல்லுங்கள், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணோடு பில் வேண்டும். கூடவே டாக்டர் தெரபி தேவை என்று எழுதிக் கொடுத்த சீட்டும். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதினால் ஒரு பைசா வராது.

வட்டார_வளமைய_ஆசிரியை (ஓய்வு):
அம்மா, பையனுக்கு ஆறு வயது என்பதால் பள்ளி வழியாகவும் கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தப்படி கடுமையான குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்க உரிமை உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) இதற்காகவே சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் வட்டார வள மையத்தில் பெயரைப் பதியுங்கள், பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு பயிற்றுநர் தலையில் அவ்வளவு பிள்ளைகள், தினமும் வர மாட்டார்கள், உங்கள் டீச்சர் இப்போது செய்வதற்கு அது ஈடாகாது. இன்னொன்று, ‘வீட்டுவழி’ என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளையைப் பள்ளி மறந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். பெயர் பக்கத்துப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கட்டும், ஒரு மணி நேரமாவது வகுப்பில் போய் உட்காரட்டும். வீட்டில் ஆள் வைப்பதற்காக மற்ற பிள்ளைகளோடு இருப்பதை விட்டுக் கொடுக்காதீர்கள்.

மதுரை_காரன்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் நாம் ஏன் எப்போதும் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேட்கிறோம்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 38-ஆம் பிரிவுப்படி குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள யாரும் “எனக்கு உயர் ஆதரவு வேண்டும்” என்று விண்ணப்பிக்கலாம், அவர் சார்பில் வேறொருவரும் கொடுக்கலாம். உயர் ஆதரவு என்றால் என்ன என்று சட்டம் விளக்கும் இடத்தில் அன்றாட வேலை, கல்வி, குடும்ப வாழ்க்கை, சிகிச்சை, தெரபி வரை சொல்லியிருக்கிறது. 24-ஆம் பிரிவில் பராமரிப்பாளர் படியும் இருக்கிறது. விண்ணப்பம் வந்தால் மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும், கவுன்ட்டரிலேயே “இல்லை” சொல்லி அனுப்புவது சட்டத்தில் கிடையாது.

மனுவில் “ஏழைக் குடும்பம், கருணை காட்டவும்” என்று எழுதாதீர்கள், அது கோப்பில் தூங்கும். பஸ்ஸில் என்ன ஆகிறது, வீட்டில் எதைக் கற்றான், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும், மாதச் செலவு எவ்வளவு என்று எழுதி, டாக்டரின் அறிக்கையை இணைத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுங்கள். ஒரு நகல் மாநில ஆணையருக்குப் பதிவுத் தபாலில். இன்னொன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மனு என்ன ஆனது என்று ஆர்.டி.ஐ. போடலாம், 30 நாளில் சொல்லியாக வேண்டும். பணம் கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ‘இல்லை’ என்றாலும் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள், ஆணையரிடமோ கோர்ட்டுக்கோ போக அந்தக் காகிதம்தான் வேண்டும்.

திருப்பூர்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உயர் ஆதரவுக்கு 80 சதவீதம் வேண்டும் என்று ஒருவர் சொன்னாரே?

மதுரை_காரன்:
சட்டத்தில் அப்படி இல்லைங்க. 40-ஓ அதற்கு மேலோ இருந்தால் விண்ணப்பிக்கலாம், தேவை எவ்வளவு என்பதை மதிப்பீட்டுக் குழு பார்க்கும். 80 சதவீதம் என்பது வருவது வருமான வரியில், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்குக் கிடைக்கும் கழிவில். குறைபாடு 40 சதவீதம் முதல் 75,000 ரூபாய் கழிவு, 80 முதல் 1,25,000, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சொல்லியிருப்பார்.

கரூர்_அப்பா:
‘விழுதுகள்’ மையம் (மாற்றுத்திறனாளிகளுக்குத் தெரபி போன்ற சேவைகளை ஒரே இடத்தில் தரும் அரசு மையம்) உங்கள் பக்கத்தில் திறந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில் வருவது. அந்தத் திட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பில் பையன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், விட்டுப் போயிருந்தால் மனு கொடுக்கும் அன்றைக்கே அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.