ட்ரோபோனினுக்குப் பதிலாக மைக்ரோ ஆர்.என்.ஏவை அளக்கலாமா?

கேள்வி: மைக்ரோ ஆர்.என்.ஏ சுமார் 22 எழுத்து நீளமுள்ள துணுக்கு; எந்தப் புரதத்தையும் உருவாக்காது. அது எப்படி இதயத்தைப் பாதிக்கும்? மாரடைப்பைக் கண்டறிய, இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் புரதத்துக்குப் பதிலாக இதையே அளந்தால் போதாதா?

பதில் 1: உருவாக்காது, சரி. ஆனால் புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏவில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும். மிர்-29 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ, தழும்பை உண்டாக்கும் நார்ப்புரதமான கொலாஜனை அடக்கி வைக்கிறது. மாரடைப்புக்குப் பின் தழும்பை ஒட்டிய பகுதியில் மிர்-29 குறைய, கொலாஜன் பெருகித் தசை விறைத்துப்போகிறது. மிர்-208ஏ இன்னும் சுவாரசியம்: இதயத் தசையைச் சுருக்கும் மயோசின் புரதத்தின் மரபணுவில், புரதமாக மாறாத இடைப்பகுதியான இன்ட்ரானுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

பதில் 2: ஆய்வகத்தில் தினமும் இதை அளப்பவள் சொல்கிறேன், ட்ரோபோனினை இப்போதைக்கு விடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ரத்தத்தில் இருந்தால், மைக்ரோ ஆர்.என்.ஏவை நகலெடுத்துப் பெருக்கி அளக்கும் பிசிஆர் சோதனை படுத்துவிடும். மாரடைப்பு நோயாளிக்கு ஹெப்பாரின் போடாமல் இருப்பார்களா? அப்புறம், பிளாஸ்மா (அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம்) ரோஸ் நிறத்தில் இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது என்று அர்த்தம்; சிவப்பணுவில் நிறைந்திருக்கும் மிர்-451 தாறுமாறாக ஏறும். அந்தக் குழாயை நான் தொடுவதே இல்லை.

கேட்டவர்: ஹெப்பாரின் குழாய்க்குப் பதிலாக, ஈடிடிஏ என்ற வேறு உறைவுத் தடுப்பான் உள்ள குழாயில் ரத்தம் எடுத்தால்?

பதில் 2: குழாயால் வரும் ஹெப்பாரின் சிக்கல் தீரும். ஊசியில் ஏற்றியது ரத்தத்தில் இருக்குமே! ஹெப்பாரினேஸ் நொதியால் சிதைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.