தமிழ்ப் பாட்டு இழையில் கெரொஞ்சோங் எதற்கு?

ஜெலுத்தோங்காரன்:
இங்கே யார் பாட்டுப் போட்டாலும் அது 80-களின் ராஜா பாட்டாகவே இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டை எல்லோருக்கும் அனுப்புவதில் என்ன சுவாரசியம்? ஒரு யோசனை: ஆளுக்கொரு பாட்டு, தனக்குப் பழக்கமே இல்லாத வகையிலிருந்து. என் பங்குக்கு கெரொஞ்சோங் என்ற வகையில் ஒரு மலாய்ப் பாட்டு போட்டிருக்கிறேன். செல்லோவைக் கவனியுங்கள். வில்லைத் தொடவே மாட்டார்கள். விரலால் சுண்டிச் சுண்டி மேளம் மாதிரி வாசிப்பார்கள். மேலே உகுலேலே ஜாதியில் இரண்டு சின்ன நரம்புக் கருவிகள் மாறி மாறிக் கொறித்துக்கொண்டே இருக்கும். பாடுகிறவருக்கோ அவசரமே கிடையாது, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே வருவார். இரவில் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டும்போது கேட்டுப் பாருங்கள்.

செந்தூல்வாசி:
தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். இது தமிழ்ப் பாட்டு இழை. சரி, மொழியைக்கூட விடுங்கள். இன்றைக்கு கெரொஞ்சோங், நாளைக்கு ஜாஸ், அப்புறம் கொரியப் பாட்டு என்று நுனிப்புல் மேய்வதில் என்ன கிடைக்கும்? நான் கல்யாணி ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ரொம்ப நாள் கேட்டவன். கச்சேரி ஆலாபனைகளில் ஊறிய பிறகு ஒருநாள் ‘ஜனனி ஜனனி’யும் ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’யும் ஒரே ராகம் என்று யாரும் சொல்லாமல் காதே சொல்லிற்று. ஒன்று கோயில், ஒன்று காதல்! அந்தச் சந்தோஷம் வாரத்துக்கு ஒரு வகை கேட்டால் வராது. நாசி கண்டார் சோற்றில் ஐந்து குழம்பையும் ஊற்றிக் கலந்தால் எதன் ருசி தெரியும்?

உருமி அக்கா:
பினாங்குக்காரர்களிடம் வந்து நாசி கண்டார் குழம்பைக் கலக்காதே என்கிறீர்களே அண்ணே! அதற்குத்தானே வரிசையில் நிற்கிறோம்.

தமிழ் இழை என்றீர்கள். அலிகேட்ஸ் இசைக்குழு எந்த இழையில் வரும்? டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், இரண்டு பேரும் இந்தத் தீவின் தமிழ்ப் பிள்ளைகள். ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துவிட்டு வந்து மலாய்ப் பாட்டால் நாட்டையே பிடித்தார்கள். லோகநாதன் 2007-ல் போய்விட்டார். எங்கள் வீட்டில் அப்பா இன்னும் அந்தக் குரலைக் கேட்டால் சமையலறையிலிருந்து எழுந்து வருவார்.

செந்தூல்வாசி:
பாடியவர் தமிழர் என்பதால் பாட்டு தமிழாகிவிடுமா? குரல் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அது மலாய் பாப். வம்சாவளி வேறு, இசை வேறு.

உருமி அக்கா:
அப்படியானால் ஜொகூர் கஜலை என்ன செய்வீர்கள்? மலாய்ப் பாட்டுத்தான். கூட உட்கார்ந்திருப்பது ஆர்மோனியமும் தபலாவும். வேலி எங்கே போடுவீர்கள் என்று பார்க்கிறேன்.

பட்டர்வொர்த் பையன்:
நான் இளையராஜாவிடம் வந்ததே ராப் வழியாகத்தான். 2006-ல் யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்தபோது பள்ளிக்கூட பஸ்ஸில் எல்லோர் கைபேசியிலும் ‘மடை திறந்து’தான். அம்மா கேட்டுவிட்டு, “இது எஸ்.பி.பி. பாட்டுடா, ஏன் இப்படிக் கத்துகிறார்கள்” என்றார். அப்புறம்தான் ‘நிழல்கள்’, 1980, என்று தேடிப் போனேன். அந்த வாசல் இல்லாவிட்டால் நான் அந்த வீட்டுக்குள்ளேயே வந்திருக்க மாட்டேன்.

செந்தூல்வாசி:
நீ வந்ததோடு நிற்காமல் உள்ளே போய்த் தேடினாய், சந்தோஷம். அந்த பஸ்ஸில் இருந்த மற்றவர்கள்?

ஜெலுத்தோங்காரன்:
மற்றவர்கள் ராப்பை ரசித்தார்கள். அதில் என்ன குற்றம்? ராஜாவே 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் மேற்கத்திய இசைமேதை பாக்கையும் (Bach) கர்நாடக இசையையும் ஒரே வயலினில் உட்கார வைத்தவர். அவர் வேலி போடவில்லையே.

செந்தூல்வாசி:
வசமாக மாட்டினீர்கள். அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாக மேற்கத்திய இசை படித்தவர். இரண்டு பக்கமும் ஆழம் பார்த்த பிறகுதான் பாலம் கட்டினார்.

ஜெலுத்தோங்காரன்:
அவர் இசையமைக்கிறார் அண்ணே. நாம் கேட்கத்தானே செய்கிறோம்? நமக்கு யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. ஆழம் போக வேண்டுமானால் முதலில் எந்தக் கிணறு என்று தெரிய வேண்டாமா? செயலியை நம்பினால் நேற்றுக் கேட்டதையே இன்றைக்கும் சட்டை மாற்றி அனுப்பும். தெரியாத பாட்டை மனிதர்கள்தான் நீட்ட வேண்டும்.

உருமி அக்கா:
இன்னொன்று. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் உருமி மேளம் கேட்டுவிட்டு என்னோடு வேலை செய்யும் சீனப் பெண் ஒருத்தி பதிவு கேட்டு வந்தாள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருகிற அந்த விம்மல் எப்படி வருகிறது என்று அவளுக்குத் தூக்கமே இல்லை. நம்மவர்களே “தெருச் சத்தம்” என்று முகம் சுளிக்கிற மேளம் அது. அவள் நம்முடையதைத் தேடி வருவாள், நாம் மட்டும் கல்யாணியைக் கட்டிக்கொண்டு செந்தூலிலேயே உட்கார்ந்திருப்போமா?

செந்தூல்வாசி:
உருமியை நான் சுளிக்கவில்லை, என்னை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அந்தப் பெண் செய்ததுதான் நான் கேட்பது: ஒரு சத்தத்தில் சிக்கி, அது எப்படி வருகிறது என்று துருவுவது. வெறும் லிங்க்கை எறிந்துவிட்டு “செம” என்று எழுதுவது பகிர்வு இல்லை. எந்த நிமிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதினால் எந்த மொழியானாலும் கேட்கிறேன்.

தம்பியின் கெரொஞ்சோங்கும் கேட்டேன். செல்லோ பிரமாதம். பாட்டில் தூக்கம் வருகிறது.

ஜெலுத்தோங்காரன்:
தூக்கம் வந்தாலும் முழுசாகக் கேட்டீர்களே, போதும். இப்போது உங்கள் முறை.

செந்தூல்வாசி:
நான் வகை மாற மாட்டேன். கல்யாணி ஆலாபனை ஒன்று போடுகிறேன், நாற்பது நிமிடம். பாதியில் தாவக் கூடாது.

பட்டர்வொர்த் பையன்:
நாற்பதா! ஃபெரியில் போய்த் திரும்பி வந்தாலும் முடியாது போலிருக்கிறதே. என்ன, வயலினா?

செந்தூல்வாசி:
நாதஸ்வரம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அவருக்கும் லிங்க் அனுப்பு.