குக்கிராமத்துக்கு பஸ் கேட்டால் "ஏற்கெனவே உள்ளது" என்று பதில்: மக்கள்தொகையை எப்படிக் காட்டுவது?

வரப்போரம்:
எங்க குக்கிராமம் தாய் கிராமத்துலேர்ந்து 3 கி.மீ. தள்ளி இருக்கு. பஸ் அங்கேயே திரும்பிடுது. மனு போட்டா, "2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இக்கிராமத்துக்குப் பேருந்து வசதி உள்ளது"ன்னு பதில் வருது. எங்க ஊருக்குன்னு தனியா மக்கள்தொகை எண் எங்கேயும் கிடைக்கலை. எதை வச்சுக் கேட்கலாம்? தார் ரோடு இருக்கு, 3 மீட்டர் அகலம்.

புள்ளிக்கணக்கு:
சிக்கல் கணக்கெடுப்போட அலகுல இருக்கு. கணக்கெடுப்பு எண்ணுறது வருவாய் கிராமத்தை. நம்ம பக்கம் ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள பல குக்கிராமம் அடங்கும். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டுல கிராம வசதிப் பட்டியலைப் பாருங்க. வசதி இல்லேன்னா, அது கிடைக்கிற கிட்டத்து ஊர் 5 கி.மீ.க்குள்ள, 5–10, 10க்கு மேலன்னு மூணு குறியீட்டுல ஒண்ணு போடுவாங்க. எல்லைக்குள்ள எங்க பஸ் நின்னாலும் "உண்டு"தான். கடைசி வீட்டுக்காரர் எவ்வளவு தூரம் நடக்கிறார்ங்கிறது அதுல வராது.

தனி எண்ணுக்கு அங்கன்வாடியோட குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடுதான் நல்லது. வீடு வீடா, குழந்தைங்க உட்பட இருக்கும். அதோட வாக்காளர் பட்டியலைச் சரிபாருங்க. ஒவ்வொரு பாகத்துலயும் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல்) தெரு, குக்கிராமம் வாரியா பிரிவு போட்டிருப்பாங்க. அதுல 18 வயசுக்கு மேலதான் வரும்; வெளியூர்ல வேலை பார்க்கிறவங்க பேரும் இருக்கும். அதை மட்டும் மக்கள்தொகைன்னு காட்டினா முதல் கேள்வியிலேயே அடிபடும்.

கல்வெட்டுப்பாலம்:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல அலகே குடியிருப்புதான், வருவாய் கிராமமோ ஊராட்சியோ இல்ல. சமவெளியில 500 பேர், சுற்றி 500 மீட்டருக்குள்ள உள்ள குடியிருப்புகளைச் சேர்த்தே எண்ணலாம். உங்களுக்கு ரோடு இருக்கிறதால அதுல கேட்க வேண்டியதில்லை. ஆனா "குடியிருப்பைத் தனியா எண்ணுறது அரசே ஏத்துக்கிட்ட முறை"ன்னு மனுவுல எழுத இது உதவும்.

தடம்_எண்:
நீங்க குறிவைக்க வேண்டியது மினி பஸ். 2025 ஜூன்ல நடைமுறைக்கு வந்த தமிழக அரசோட புதிய மினி பஸ் திட்டத்துல வழித்தடம் அதிகபட்சம் 25 கி.மீ.; அதுல குறைஞ்சது 65 சதவீதம் பேருந்து சேவை இல்லாத பாதையா இருக்கணும். 20 கி.மீ. தடம்னா 13 கி.மீ. பஸ் ஓடாத ரோடு. உங்க 3 கி.மீ. மட்டும் போதாது. பக்கத்துல பஸ் போகாத நாலஞ்சு ஊரைக் கோர்த்து, ஆரம்ப சுகாதார நிலையமும் மேல்நிலைப் பள்ளியும் வர்ற மாதிரி வரைபடம் போட்டு, கிராம சபைத் தீர்மானத்தோட கலெக்டர்கிட்டயும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் கொடுங்க. தீர்மானம் ஒரு ஊராட்சியோடதா மட்டும் இருந்தா தடம் அந்த எல்லையிலேயே முறிஞ்சுடும். வழியில வர்ற எல்லா ஊராட்சியும் போடணும்.

மக்கள்தொகையை விட பயணிக் கணக்கு முக்கியம். காலை 7 முதல் 9.30, மாலை 3.30 முதல் 7 வரை ரோட்டு முனையில ஆளை நிறுத்தி, நடந்து, ஷேர் ஆட்டோவுல, சைக்கிள்ல போறவங்களை எண்ணுங்க. ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள். காலையில கூட்டம் இருந்து மாலையில இல்லேன்னா, பர்மிட் வாங்கினவரே ட்ரிப்பைக் குறைச்சுடுவார். பல தடம் அப்படித்தான் செத்துச்சு.

வரப்போரம்:
நன்றிங்க. 3 மீட்டர் ரோட்டுல மினி பஸ் ஓடுமா?

கல்வெட்டுப்பாலம்:
ஓடும், ஓரம் சரியா இருந்தா. எதிர்ல டிராக்டர் வந்தா ஒரு பக்கச் சக்கரம் கீழ இறங்கித்தான் ஆகணும். மழையில கிராவல் அரிச்சு, தார் விளிம்பு ஒரு சாண் உயரமா நின்னா டிரைவர் இறக்க மாட்டார். விளிம்பு மட்டத்துக்கு கிராவல் நிரப்பி ரோலர் ஓட்டச் சொல்லுங்க. தாழ்ந்து தொங்குற மின்கம்பி, ரோட்டுக்குள்ள நீட்டின கருவேலங்கிளை, சிறு பாலத்துல இடிஞ்ச கைப்பிடிச்சுவர், எல்லாத்தையும் போட்டோவோட குறிச்சுக்குங்க. கடைசி நிறுத்தத்துல திரும்ப இடம் வேணும். முழு நீள பஸ் ஒரே வீச்சுல திரும்ப கிட்டத்தட்ட 25 மீட்டர் வேணும். மினி பஸ்ஸுக்கு அவ்வளவு வேண்டாம், ரிவர்ஸ் எடுக்க ஒரு முச்சந்தி போதும். அந்த இடம் புறம்போக்கா பட்டாவான்னு வி.ஏ.ஓ.கிட்ட முதல்லயே பார்த்துடுங்க.