சர்க்கரை நார்மல்னு வந்தபிறகும் மாத்திரை: உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

ஈசூன் மகள்:
அம்மாவுக்கு 71 வயசு. ரொம்ப வருஷமா இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி). மெட்ஃபோர்மின், கிளிப்பிசைடு ரெண்டும் சாப்பிடறாங்க. இந்தத் தடவை இங்க சிங்கப்பூர்ல பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாசச் சராசரி சர்க்கரை, 6.0 சதவீதம்னு வந்துச்சு. வீட்ல வெறும் வயித்துல குத்திப் பார்த்தா 4.8, 5.1 மில்லிமோல்னு காட்டுது. "எனக்குத்தான் சரியாயிடுச்சே, இனி எதுக்கு? கிட்னிதான் போகும்"னு மாத்திரை டப்பாவை அலமாரி மேல தூக்கி வச்சுட்டாங்க. அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. இதே மாதிரி பார்த்தவங்க சொல்லுங்க. ரொம்பக் கவலையா இருக்கு.

பிடோக் மகன்:
எங்க அப்பாவும் இதையேதான் செஞ்சார். மெட்ஃபோர்மின் மட்டும்தான் போட்டுக்கிட்டு இருந்தார். வீட்டு மெஷின்ல 5.8 வந்ததும், காய்ச்சல் விட்டா மாத்திரையை நிறுத்தற மாதிரி நிறுத்திட்டார். எங்க யார்கிட்டயும் சொல்லலை. உடம்புலயும் ஒண்ணும் தெரியலை, அதுதான் கொடுமை. சில மாசம் கழிச்சு ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திரிக்க ஆரம்பிச்சார், கால் விரல் இடுக்குல புண்ணு ஆறவே இல்லை. பரிசோதனையில எச்பிஏ1சி 9க்கு மேல. டாக்டர் கோபப்படலை. "ஐயா, அந்த 5.8 நீங்க மாத்திரை போட்டதால வந்தது. மாத்திரை இல்லாம எவ்வளவு இருக்கும்னு இப்பதான் பார்க்கிறோம்"னு சொன்னார். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு.

உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, உங்க அம்மா விஷயமும் பிடோக் தம்பியோட அப்பா விஷயமும் ஒண்ணு இல்லை. ரெண்டு மாத்திரையையும் ஒரே கணக்குல சேர்க்கக் கூடாது.

மெட்ஃபோர்மின் முக்கியமா ஈரல்ல இருந்து சீனி இறங்கறதைக் குறைக்குது. அதை மட்டும் போட்டா சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கறது அபூர்வம். அதனால நார்மல் வந்தாலும் பெரும்பாலும் தொடரச் சொல்வாங்க. கிளிப்பிசைடு அப்படி இல்லை. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காம கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயசானவங்களுக்கு அதுல 6.0ங்கறது சந்தோஷப்படற எண் இல்லை, டாக்டர்கிட்ட கேட்கவேண்டிய எண். சராசரி அவ்வளவு கீழே இருந்தா நடுவுல எங்கயாவது 4க்குக் கீழே இறங்கியிருக்கலாம்.

நான் வார்டுல இருந்தப்ப ஏகாதசி விரதம் இருந்த ஒரு பாட்டியைக் கொண்டுவந்தாங்க. காலையில மாத்திரை போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடலை. உடம்பெல்லாம் வேர்வை, பெத்த மகனையே யாருன்னு கேட்டாங்க. வீட்ல எல்லாரும் பக்கவாதம்னு நினைச்சுட்டாங்க. சர்க்கரை 2.3. அன்னிக்கு அந்த மகன் அழுததை என்னால மறக்க முடியாது. இப்படி நடுக்கம், வேர்வை, குழப்பம் வந்தா, விழுங்க முடியற நிலையில இருந்தா, மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க. மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்க. சில இரத்த அழுத்த மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைச்சிடும், அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

கிட்னி பயத்துக்கும் பதில் சொல்லணும். மெட்ஃபோர்மின் கிட்னியைக் கெடுக்கறதில்லை. கிட்னி பலவீனமானா அந்த மருந்து வெளியேறாம உடம்புல தங்கிடும், அதனாலதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு இரத்தத்துல பார்த்து டோஸ் குறைக்கறாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் ஊர்ல இந்தப் பேச்சு. கட்டுப்பாடில்லாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கும்.

அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னிக்கே போன் பண்ணி ரெண்டு மாத்திரையோட பேரையும் அந்த அளவுகளையும் சொல்லி, தேதியை முன்னாடி கேளுங்க.

ஜூரோங் தங்கும் விடுதி:
அக்கா சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்கறேன். எங்க ரூம்ல ஒரு அண்ணன், திருவாரூர் பக்கம். ஊர்ல மெஷின் 110, 140னு காட்டும். இங்க கிளினிக்ல 12னு எழுதிக் கொடுத்தாங்க. நூறுக்குக் கீழே வந்துடுச்சுன்னு நினைச்சு மாத்திரையை நிறுத்திட்டார். ஊர்ல மில்லிகிராம் கணக்கு, இங்க மில்லிமோல் கணக்கு, 18ஆல பெருக்கணும். 12னா ஊர் கணக்குல 216.

அதைவிடப் பயமா இருந்தது வேற. ஊர்ல இருந்து கொண்டுவந்த அட்டையில மெட்ஃபோர்மினும் கிளிமிபிரைடும் (கிளிப்பிசைடு வகைதான்) ஒரே மாத்திரையா இருந்துச்சு. இங்க தனியா மெட்ஃபோர்மின் கொடுத்திருந்தாங்க. பேர் வேற வேறயா இருக்கவும், திரும்ப மாத்திரை ஆரம்பிச்சப்ப ரெண்டையும் சேர்த்துப் போட ஆரம்பிச்சார். நாங்க அட்டையை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினப்பதான் மெட்ஃபோர்மின் ரெண்டு தடவை உள்ள போகுதுன்னு தெரிஞ்சுது. ஊர் மருந்து சாப்பிடற தம்பிமார்கள் தயவுசெஞ்சு அட்டையைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க, வாயால சொன்னா பத்தாது.

செங்காங்:
எனக்கு இனிப்பு நீரே இல்லை, ஆனா மெட்ஃபோர்மின் சாப்பிடறேன். சினைப்பை நீர்க்கட்டிக்காகக் கொடுத்தாங்க. மாமியார் டப்பாவைப் பார்த்துட்டு, கல்யாணத்துக்கு முன்னாடியே வியாதியை மறைச்சுட்டோம்னு அம்மாவுக்குப் போன் பண்ணிட்டாங்க! அடுத்த தடவை அவங்களையும் கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். டாக்டரே விளக்கினார்.

தோ பாயோ:
நிறுத்தவே முடியாதுன்னும் யாரும் பயப்படவேண்டாம். எங்க வீட்டுக்காரர் நல்லா எடை குறைச்சார், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையைக் குறைச்சு நிறுத்தினார். மாத்திரை இல்லாம மூணு மாசமாவது எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்னாத்தான் தணிஞ்சிருக்குன்னு சொல்வாங்களாம். குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டாங்க. வருஷா வருஷம் கண், கால் பரிசோதனை இப்பவும் உண்டு.

ஈசூன் மகள்:
எல்லாருக்கும் மனசார நன்றி. தாதி அக்கா சொன்னபடி போன் பண்ணினேன், இந்த வாரமே வரச் சொன்னாங்க. கிளிப்பிசைடை நிறுத்திட்டாங்க. மெட்ஃபோர்மின் சாப்பாட்டோட தொடரணும். ரொம்ப வருஷமா அதைச் சாப்பிடறதால பி12 சத்தும் பார்க்கறதுக்கு இரத்தம் எடுத்திருக்காங்க. மூணு மாசத்துல மறுபடி எச்பிஏ1சி. அம்மா டப்பாவை அலமாரி மேலயிருந்து தானே இறக்கிட்டாங்க. புரட்டாசி சனிக்கிழமை விரதத்துக்கு என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட கேட்க மறந்துட்டேன், நாளைக்கு மறுபடி கூப்பிடணும்.