புதுப்பிப்பு: லிமிட் ஹோல்டெமில் பெரிய பிளைண்டை விடுவதா, காப்பதா?

கிருஷ்ணகிரியில் புளியங்கொட்டை வைத்து நாங்கள் ஆடும் லிமிட் ஹோல்டெம் (ஒரு தடவைக்கு எவ்வளவு உயர்த்தலாம் என்று வரம்பு வைத்த போக்கர் சீட்டாட்டம்) பற்றி முன்பு கேட்டிருந்தேன்: பெரிய பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் போடும் இரண்டு இடங்களில் பெரிய தொகைக்கான இடம்) இருக்கும்போது ஒருவர் பந்தயத்தை உயர்த்தினால் எந்தச் சீட்டுகளோடு தொடரலாம்? 'நல்ல சீட்டு இல்லையென்றால் விலகிவிடு' என்றீர்கள் பலர்.

கணக்கு வேறு சொல்கிறது. பிளைண்ட் 1, 2. ஒருவர் 4 ஆக உயர்த்துகிறார், சிறிய பிளைண்ட் விலகுகிறது. நடுவில் 7 கொட்டை, நான் போட வேண்டியது 2. வெல்ல சுமார் 22 சதவீத வாய்ப்பு (9-ல் 2) இருந்தாலே கட்டுப்படியாகும். கடைசி இருக்கைக்காரர் உயர்த்தினால், ஸ்பேட் எட்டையும் ஏழையும் நான் விடுவதில்லை.

நடு இருக்கையில் கதையே வேறு. அங்கே என் கொட்டை எதுவும் உள்ளே இல்லை. முன்னால் இருப்பவர் உயர்த்தியிருந்தால் இனம் சேராத கிங், ஜாக்கைத் தயங்காமல் கீழே வைக்கிறேன். மறுபடி உயர்த்த வேண்டும், இல்லையேல் விலக வேண்டும். அவர் போட்ட அளவையே போட்டு வெறுமனே ஈடுகட்டி நுழைவது எனக்குப் பிடிப்பதில்லை.

பந்தயத்துக்கு வரம்பே இல்லாத நோ லிமிட் ஆட்டக் காணொளிகளைக் காட்டி வாதாடும் மாமாவுக்குத்தான் இன்னும் புரியவில்லை: இங்கே மொத்தக் குவியலையும் தள்ளி யாரையும் விரட்ட முடியாது.