[கலைச்சொல்] சாம்பிள், சீக்வென்சர், குவாண்டைஸ்: வெள்ளிக்குள் வேண்டும்

ந. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

இசைப் பணிநிலைய விசைப்பலகையில் ஓர் ஒலியைப் பதிந்து, வெட்டிச் செப்பனிட்டு, கட்டைகளில் ஏற்றி, அதை வைத்துப் பாட்டு அமைப்பது வரை சொல்லித்தரும் பாடக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றச் சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. தலைப்பில் உள்ள மூன்றும் அமையவில்லை. சாம்பிள் பதிந்த ஒலி; சீக்வென்சர் வாசித்த சுரங்களை வரிசையாகக் குறித்துவைத்துத் திரும்ப வாசிக்கும் பகுதி; குவாண்டைஸ் அந்தச் சுரங்களைத் தாளக் கோடுகளுக்கு நகர்த்தும் வசதி.

சாம்பிளுக்கு இதுவரை ‘மாதிரி’ என்றே எழுதிவந்தேன். மூன்றாம் பாடத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்து வழிமறித்தது:

“மாதிரி வீதம் 44,100 ஆக இருக்கையில், மாதிரியின் தொடக்கத்தை 300 மாதிரி தள்ளி வைத்தால், முன்னால் உள்ள ஏறக்குறைய 7 மில்லிநொடி வெற்றொலி நீங்கும்.”

நடுவில் வரும் மாதிரி, பதிந்து வைத்த முழு ஒலி. மற்ற இரண்டும் நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதப்படும் ஒற்றை எண்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் என்றால் புதிதாகக் கற்பவர் எதை நகர்த்துவார்? ‘இந்த மாதிரி மாதிரிகளை’ என்று வேறொரு பக்கத்தில் எழுத நேர்ந்தது; அதையும் அடித்துவிட்டேன்.

—ந.

*

இரா. எழுதியது:

அன்புள்ள ந.,

நம் வீட்டுச் சொல் ஒன்று இருக்க, ‘மாதிரி’யைத் தேடிப் போவானேன்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். முழுமையை அறிய அதிலிருந்து எடுத்துப் பார்க்கும் சிறு கூறு எதுவோ அதுவே பதம். பதம் பார்த்தல், பதம் எடுத்தல் என்று வினையும் வாய்க்கிறது. சாம்பிளிங் = பதமெடுப்பு; சாம்பிள் = ஒலிப்பதம்; கருவி = பதமெடுப்பான்.

பகுபதம், பகாபதம் என்பதில் வரும் பதம் வேறு, இது வேறு. அது வடசொல், சொல் என்று பொருள். இது சோறு, உணவு என்ற பொருளில் சங்கப் பாட்டிலேயே பயில்வது. பாகு பதம், பதனிடுதல், பதப்படுத்துதல் எல்லாம் இதன் கிளைகள். பதிந்த ஒலியை வெட்டி, அளவு சரிசெய்து, வாசிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவருவதும் பதப்படுத்தல் அல்லவா? ஒரே வேரில் இரண்டு வேலையும் அடங்குகின்றன.

—இரா.

*

செ. எழுதியது:

> ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்

இரா. ஐயா, உவமை மிகப் பொருத்தம். ஆனால் அது மற்றச் சாம்பிளுக்குப் பொருந்துகிறது. அலையை நொடிக்கு 44,100 இடங்களில் தொட்டுப் பார்த்து, அந்த எண்களைக் கொண்டே முழு அலையையும் திரும்ப எழுப்புகிறோம். அங்கே ஒவ்வோர் எண்ணும் ஒரு சோறு. எத்தனை சோறு பார்த்தால் பானை தெரியும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது: பதிய வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்கைவிட மிகுதியாக. காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால்தான் 44,100 போதுகிறது.

கட்டையில் ஏற்றும் ஒலியோ அப்படியன்று. ஒரு மணியோசையைப் பதிந்து கட்டையில் வைத்தால், அந்த ஓசையேதான் வாசிக்கப்படுகிறது. அதைக் கொண்டு வேறு எதையும் நாம் அறிவதில்லை. ஆகவே ‘பதம்’ என்று வைப்பதானால் ஒற்றை எண்ணுக்கு வையுங்கள். பதிந்த ஒலிக்கு ஒலித்துணுக்கு போதும். ந. தந்த வாக்கியம் அப்போது இப்படி வரும்: “பத வீதம் 44,100 ஆக இருக்கையில், துணுக்கின் தொடக்கத்தை 300 பதம் தள்ளி வைத்தால்…” குழப்பம் இல்லை.

இரண்டையும் பிரித்தே ஆகவேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. துணுக்கின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும்போது, அந்தப் பகுதி மிகக் குறுகினால் அதன் நீளமே சுருதியாகிவிடும். 100 பதம் நீளமுள்ள சுற்று 44,100 வீதத்தில் 441 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 101 பதம் ஆக்கினால் 436.6க்கு இறங்கும், காதுக்குத் தெரியும் அபசுவரம் அது. ‘ஒரு மாதிரி கூட்டு’ என்று எழுதினால் மாணவர் இன்னொரு ஒலியைப் பதியப் போய்விடுவார்.

—செ.

*

மு. எழுதியது:

நண்பர்களே, பலகையில் அச்சிட்டிருக்கும் சொல் சாம்பிள். மாணவர் அந்தப் பொத்தானைத்தான் தேடுவார். சாம்பிள் என்றே எழுதிவிட்டால் என்ன குறை? எதிர்ப்பு இலக்கணத்தின் பேரில் வருமானால், இலக்கணத்தையே பார்ப்போம். தொல்காப்பியம் சகரம் மொழிமுதலாவதில் அ, ஐ, ஔ மூன்றை மட்டுமே விலக்குகிறது. ‘சா’ விலக்கப்படவில்லை. மகர ஒற்றின் பின் பகரம் வரலாம். ளகரம் ஈறாகலாம். சாம்பிள், சாம்பல் என்பதைப் போலவே தமிழ் வாயில் நிற்கும் சொல். வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ (வடவெழுத்தை நீக்கி) என்ற விதியை வடசொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

துணுக்கு என்றால் செய்தித் துணுக்கு, நகைச்சுவைத் துணுக்கு நினைவுக்கு வரும். 16 மெகாபைட் நினைவகத்தில் 44,100 வீதத்தில், 16 பிட்டில், ஒற்றைத் தடமாக ஏறத்தாழ 190 நொடி பதியலாம். மூன்று நிமிட ஒலியைத் துணுக்கு என்பீர்களா?

—மு.

*

இரா. எழுதியது:

மு. அவர்களே, உங்கள் அளவுகோலையே மற்ற இரண்டுக்கும் வையுங்கள். ‘சீக்வென்சர்’: ககர ஒற்றின் பின் ககரம் தவிர வேறு மெய் மயங்காது. ‘குவாண்டைஸ்’: ஈற்றில் கிரந்தம். ஒன்று தேறியது, இரண்டு தோற்றன. மூன்றும் ஒரே பக்கத்தில் வரும் கையேட்டில் ஒன்றுக்கு மட்டும் விலக்கா?

சீக்வென்சருக்கு என் முன்மொழிவு தொடுப்பி. தொடு, தொடை, தொடர், தொடுத்தல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எனச் செய்யுளுறுப்பு ஆறில் கடைசி தொடை. பூக்காரர் பூவை உண்டாக்குவதில்லை. எந்தப் பூ, எதன் பின் எது, எவ்வளவு இடைவெளி என்பதே தொடுப்பவர் வேலை. இந்தக் கருவியும் ஒலியைச் சேமிப்பதில்லை என்று படித்திருக்கிறேன்.

—இரா.

*

பூ. எழுதியது:

வணக்கம். வகுப்பில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து சொல்கிறேன்.

இரா. ஐயா சொன்ன உவமை பாடத்துக்கு அப்படியே உதவும். எந்தக் கட்டை (நடு ச-வுக்கு எண் 60), எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது (1 முதல் 127), எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். அதனால்தான் வேகத்தைக் கூட்டினால் பாட்டு விரைகிறது, சுருதி மாறுவதில்லை. துணுக்கு அப்படியன்று. 12 கட்டை மேலே வாசித்தால் இரு மடங்கு வேகத்தில் ஓடும், 2 நொடி ஒலி 1 நொடியில் முடியும், குரல் குழந்தைக் குரலாகும். அதற்காகத்தான் நான்கு கட்டைக்கு ஒன்றாகத் தனித்தனியே பதிகிறோம். 61 கட்டைக்கு 16 துணுக்கு. இந்த வேற்றுமை மனத்தில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆனால் ஐயா, ‘தொடுப்பு’ என்ற சொல்லுக்குப் பேச்சு வழக்கில் உள்ள பொருள் தங்களுக்குத் தெரியும். வகுப்பில் சொல்ல இயலாது. ‘தொடரி’ இரயிலுக்குப் போய்விட்டது. ‘நிரலி’ என்றால், இதே கருவியில் ஒவ்வொரு வாத்திய ஒலிக்கும் ‘நிரல்’ என்றுதான் ந. பெயர் வைத்திருக்கிறார், நிரலியில் நிரலை மாற்று என்று எழுத வேண்டிவரும். வரிசையாக்கி எளிது. சரளிவரிசை, ஜண்டைவரிசை படித்தவர்களுக்கு வரிசை என்றாலே சுரங்கள் முறையாக வருவது என்று தெரியும்.

குவாண்டைஸ் பற்றித்தான் எனக்குக் கவலை. ந.வின் வரைவில் ‘சீர்ப்படுத்து’ என்று இருக்கிறது. சீர் என்பது யாப்பிலும் உண்டு, அழகான சொல். ஆனால் அது பொய்யான உறுதி தருகிறது. கருவி பிழை திருத்துவதில்லை. சுரம் விழுந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள கோட்டுக்கு அதை நகர்த்துகிறது, அவ்வளவே. கருவி காலத்தை அளக்கும் மிகச் சிறு அலகு துடிப்பு; கால் சுரத்துக்கு, அதாவது ஒரு தட்டுக்கு, 480 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். தட்டை நான்காக்கும் பதினாறாம் பகுப்பில் கோடுகள் 120 துடிப்புக்கு ஒன்று. 40 துடிப்பு தாமதமாக வாசித்தால் பின்னே இழுத்துச் சரியான இடத்தில் வைக்கும். 70 துடிப்பு தாமதமானால் அடுத்த கோடுதான் அருகில், அங்கே தள்ளிவிடும். மாணவர் ‘சீர்ப்படுத்தினேன், கெட்டுப்போச்சே’ என்பார்.

இதைவிட மோசம், முதன்மைச் சுரத்துக்கு முன் விரைந்து தொடும் சிறு சுரம். 30 துடிப்பு முன்னால் விழுந்த அது, முதன்மைச் சுரத்தின் கோட்டிலேயே போய் உட்காரும். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும், அசைவு செத்துவிடும். அத்தகைய வாசிப்பைத் தனித் தடத்தில் பதிந்து, அந்தத் தடத்தைத் தொடாமல் விட வேண்டும். அல்லது வலிமையை 100இலிருந்து 50 விழுக்காட்டுக்கு இறக்கிப் பாதித் தூரம் மட்டும் நகர்த்த வேண்டும். பதியும்போதே நகர்த்தும் வசதியை அணைத்து வையுங்கள். பின்னால் செய்தால் மீட்கலாம், பதியும்போதே செய்ததை மீட்க முடியாது. சுழலும் பகுதியில் முதல் சுரத்தைச் சற்று முந்தி அடித்தால் அது சுற்றின் கடைசியில் பதிவாகும். ‘முதல் சுரத்தைக் காணோம்’ என்று தேடுபவர்கள் அங்கே பார்க்க வேண்டும்.

—பூ.

*

செ. எழுதியது:

பூ. அம்மா சொன்ன ‘மிக அருகிலுள்ள கோடு’ முக்கியம். ஒலியை எண்ணாக்கும்போதும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள்: 16 பிட்டில் 65,536 படிகள், அலையின் உயரம் மிக அருகிலுள்ள படிக்கு நகர்த்தப்படும். அங்கே உயரம், இங்கே காலம். செயல் ஒன்றே. பதிவு அளவு 6 டெசிபல் குறையும்போதெல்லாம் ஒரு பிட் வீணாகிறது என்பதும் இதனால்தான். உச்சம் −6க்கு அருகில் இருக்கட்டும், 0வைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும் என்று ந. எழுதியிருப்பது சரி.

ஆகவே பொதுவினை ஒன்று வேண்டும். ‘கட்டப்பொருத்தம்’ என்று யோசித்தேன். கட்டம், பொருத்தம் இரண்டும் சேர்ந்தால் ஜாதகம் ஆகிவிடுகிறது. ‘கோட்டில் நிறுத்து’ என்றால் ‘நிறுத்து’ பொத்தானோடு மோதும். இருத்து என்ற பிறவினை எப்படி? காலத்தில் இருத்துதல், படியில் இருத்துதல்.

—செ.

*

இரா. எழுதியது:

‘இருத்து’ நன்று. ஏற்கிறேன்.

துடிப்பு என்று நீங்கள் எல்லாரும் எழுதுவதை ‘மாத்திரை’ ஆக்க வேண்டுகிறேன். கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை. அந்த ஒரு நொடிப்பையும் நம்மவர் பகுத்திருக்கிறார்கள்: உன்னல் காலே, ஊன்றல் அரையே, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்றே. விரலை நொடிக்க நினைப்பது கால், விரல்களை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுவது ஒன்று. பூ. அவர்களின் பதினாறாம் பகுப்பு இதுவேதான்: ஒரு தட்டுக்கு நான்கு கோடு. ஓசை கேட்பது கடைசியில், விடுத்தலில். ஆனால் காலம் உன்னலிலேயே தொடங்கிவிடுகிறது. முந்தி விழும் சுரத்தை இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும்.

—இரா.

*

செ. எழுதியது:

ஐயா, நூற்பா அருமை, ஆனால் அளவு ஒத்துவரவில்லை. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிநொடி. 480இல் ஒரு பங்கு 1 மில்லிநொடியைச் சற்றே தாண்டும். கண்ணிமைப்பு அதைப்போல நூறு மடங்குக்கு மேல். மாத்திரையைத் தட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். துடிப்பு துடிப்பாகவே இருக்கட்டும். ஏற்கனவே ‘நொடி’ விநாடியாகிவிட்டது, அந்த இழப்பு போதும்.

—செ.

*

ந. எழுதியது:

நாளை அச்சு. தொகுத்துப் பார்த்ததில் பெரும்பான்மை இப்படி நிற்கிறது.

ஒற்றை எண் மாதிரி. பதிந்த ஒலி துணுக்கு. ‘பதம்’ வேண்டாம் என்று மூவர் சொன்னதற்கு ஒரே காரணம்: இசை வகுப்பில் பதம் என்றால் ஒரு பாட்டு வகை. வரிசையாக்கிக்கு மூன்று, தொடுப்பிக்கு ஒன்று. காலத்தில் இருத்து: நால்வர். திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு இரா. ஐயா தனிமடலில் தந்த ‘மடக்கு’ எல்லார்க்கும் உடன்பாடு. அணியிலக்கணத்து மடக்கும் அதுதானே. “மடக்கின் தொடக்கமும் முடிவும் அலை சுழியை (பூச்சியத்தை) கடக்கும் இடத்தில், இரண்டும் ஒரே போக்கில் ஏறுவதாகவோ இறங்குவதாகவோ இருக்க வேண்டும், இல்லையேல் சுற்றுக்கு ஒரு ‘டிக்’ கேட்கும்” என்ற வாக்கியம் நன்றாக அமைந்தது.

துணுக்கு தன் இயல்பான சுருதியில் ஒலிக்கும் கட்டைக்கு ‘மூலக்கட்டை’. எல்லாப் பண்ணுக்கும் அடிமணை என்று உரைகாரர் சொன்ன ‘பட்டடை’யை வைக்கலாம் என்ற கருத்தைத் தனி இழையில் பேசுவோம். மு. கேட்டபடி ஒவ்வொரு சொல்லும் முதலில் வருமிடத்தில் பலகைப் பெயரும் தமிழெழுத்தில் சேர்க்கப்படும்.

—ந.

*

மு. எழுதியது:

முதலில் வருமிடத்தில் மட்டும் போதாது. மாணவர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. சிக்கல் வந்த பக்கத்தைத்தான் திறப்பார். மின்னை அணைத்தால் நினைவகத்தில் உள்ள துணுக்குகள் அழிந்துவிடும் கருவிகள் பல இருக்கின்றன. ‘அணைக்கும் முன் துணுக்குகளைச் சேமி’ என்ற அந்த ஒரு வரியிலாவது ‘சாம்பிள்’ என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

—மு.

*

இரா. எழுதியது:

மு. சொல்வது நியாயம், அந்த வரியில் சேர்க்கலாம். ‘பதம்’ பற்றிய என் மாற்றுக் கருத்தைக் குழுவின் பதிவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பாட்டு வகையின் பெயர் என்பதால் மறுத்தீர்கள். வரிசை என்பதும் பாட வகையின் பெயர்தான். அதை அதே காரணம் சொல்லி ஏற்றீர்கள்.

—இரா.