ஃபால்அவுட் நியூ வேகஸ்: தொடக்கத்தில் 40 புள்ளிகளை எப்படிப் பிரிப்பது?

ஈஜிபுரா இரவுப்பணி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய என் பழைய மடிக்கணினியில் புதிய விளையாட்டுகள் எதுவும் ஓடாததால், 2010-இல் வெளிவந்த ஃபால்அவுட் நியூ வேகஸைச் சென்ற வாரம் தள்ளுபடியில் வாங்கினேன். இரவுப் பணி முடிந்து பி.ஜி. அறைக்குத் திரும்பிய பிறகு, தூக்கம் வருவதற்குள் இரண்டு மணி நேரம்தான் விளையாடக் கிடைக்கிறது. ஆகவே பாதி வழியில் தவறு தெரிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது எனக்குக் கட்டுப்படியாகாது.

முதல் முறை, கதாபாத்திரத்தின் அடிப்படைப் பண்புகளான ஏழு ஸ்டாட்டுகளுக்கும் 40 புள்ளிகளை ஐந்தும் ஆறுமாகப் பங்கிட்டேன்; கரிஸ்மாவும் (வசீகரம்) லக்கும் (அதிர்ஷ்டம்) 6. ஸ்கில்களில் (திறன்கள்) கன்ஸ் (துப்பாக்கி), எக்ஸ்ப்ளோசிவ்ஸ் (வெடிபொருள்), சர்வைவல் (பிழைத்திருத்தல்) ஆகிய மூன்றையும் டேக் செய்தேன், அதாவது முதன்மைத் திறன்களாகத் தேர்ந்தேன். விளையாட்டு தொடங்கும் குட்ஸ்பிரிங்ஸ் ஊரில் டைனமைட் கேட்டவுடன் பெரியவர் பீட் கொடுத்துவிட்டார். ஆனால் ஊர்மக்களைச் சண்டைக்குத் திரட்டித் தரும்படி ட்ரூடியிடம் பேசியபோது என் பேச்சு எடுபடவில்லை. பிறகு வடக்கு வழியே குறுக்காகப் போகலாம் என்று கிளம்பி, கஸடோர் பூச்சிகளிடம் செத்துப்போனேன்.

இம்முறை இயன்றவரை பேசியே காரியத்தை முடிக்கும் ஒருவனாக விளையாட விரும்புகிறேன். ஆனால் இணையத்தில் பார்த்த வழிகாட்டிகளில் பெரும்பாலானவை கரிஸ்மாவை 1-க்குக் குறைத்து இன்டெலிஜென்ஸை (அறிவு) 10-க்கு ஏற்றச் சொல்கின்றன. பேசுகிறவனுக்குக் கரிஸ்மா வேண்டாம் என்பது எப்படிப் பொருந்தும்? எந்த மூன்று ஸ்கில்களை டேக் செய்வது நல்லது?

அல்சூர் ஏரிக்கரை:

தம்பி, உங்கள் ஸ்டாட்டுகளைக் காட்டிலும் உங்கள் கணக்குதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. இந்த விளையாட்டில் ஒரு ஸ்கில் தொடங்கும் அளவு இப்படி வருகிறது: அடிப்படையாக 2, அதற்குரிய ஸ்டாட்டின் இரு மடங்கு, லக்கில் பாதி (பின்னம் வந்தால் மேலே முழுமையாக்கப்படும்), டேக் செய்திருந்தால் மேலும் 15. கரிஸ்மா 6, லக் 6 வைத்திருந்த உங்களுக்கு, கரிஸ்மாவுக்குரிய பேச்சுத் திறனான ஸ்பீச் 2+12+3, அதாவது 17. ட்ரூடி கேட்டது 25. பீட் கேட்டதும் 25-தான். எக்ஸ்ப்ளோசிவ்ஸை டேக் செய்திருந்ததால் அங்கே தேறினீர்கள்.

2008-இல் வந்த ஃபால்அவுட் 3-இல் ஸ்பீச் என்பது நிகழ்தகவு; தோற்றால் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போய், வெல்லும்வரை மீண்டும் மீண்டும் பேசிப் பார்க்கலாம். இங்கே அது உறுதியான எல்லை. 25 கேட்கும் இடத்தில் 24 வைத்திருப்பவனும் 3 வைத்திருப்பவனும் ஒன்றுதான். பூட்டுகளும் அப்படியே: பூட்டைத் திறக்கும் ஸ்கில்லான லாக்பிக்குக்கு 25, 50, 75, 100 என்று படிகள், இடையில் நிற்கும் எண் அடுத்த படிப் பூட்டைத் திறக்க உதவாது. அதனால் எந்தப் படியை எந்த லெவலில் தாண்ட வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றிலும் சிறிது சிறிதாகப் போட்டு வைப்பவன் எல்லா வாசலிலும் ஒரு சாண் குறைவாகவே நிற்பான்.

கரிஸ்மாவைக் குறைக்கச் சொல்வதன் காரணமும் இதுவே. அது ஸ்பீச், பார்ட்டர் (பேரம்) இரண்டையும் தொடக்கத்தில் சற்று உயர்த்தும். உடன்வரும் தோழர்களின் தாக்குதலையும் காப்பையும் கூட்டும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரு புள்ளி கரிஸ்மா ஸ்பீச்சில் 2 தருகிறது. அந்த 2-ஐ ஒரு லெவல் ஏறினால் கிடைக்கும் புள்ளிகளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் லக் 5, கரிஸ்மா 1 என்று வைத்து ஸ்பீச்சை டேக் செய்தால் 22-இல் நிற்பீர்கள். ட்ரூடியிடம் மறுபடியும் தோல்விதான். விளையாட்டில் கிடைக்கும் இதழ் ஒன்றைப் படித்தால் சற்று நேரத்துக்கு 10 கூடும் என்பது உண்மை; முதல் ஊரிலேயே அதைச் செலவழிப்பது எனக்குப் பிடிக்காது.

நான் வைப்பது: ஸ்ட்ரெங்த் (வலிமை) 4, பெர்செப்ஷன் (புலனுணர்வு) 4, எண்டூரன்ஸ் (தாங்குதிறன்) 7, கரிஸ்மா 3, இன்டெலிஜென்ஸ் 8, அஜிலிட்டி (சுறுசுறுப்பு) 6, லக் 8. கூட்டிப் பாருங்கள், 40 வரும். டேக் செய்ய ஸ்பீச், கன்ஸ், ரிப்பேர் (பழுதுபார்த்தல்). ஸ்பீச் 27-இல் தொடங்கும், கன்ஸ் 33-இல், ரிப்பேர் 37-இல். ரிப்பேரைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் அது 90-ஐத் தொட்டு ஜூரி ரிக்கிங் என்ற பெர்க்கை (லெவல் ஏறும்போது கிடைக்கும் சிறப்புச் சலுகை) எடுத்துவிட்டால், விலை உயர்ந்த துப்பாக்கியை அதே வகையைச் சேர்ந்த மலிவான துப்பாக்கியைக் கொண்டே பழுது பார்க்கலாம். அதன் பிறகு பணத்தட்டுப்பாடு என்ற பேச்சே எழாது.

சிவாஜிநகர் மாடிவீடு:

மேலே எழுதியவரின் கணக்கு சரியானது என்றாலும், இன்டெலிஜென்ஸுக்கு 8 கொடுத்ததை நான் ஏற்கவில்லை. லெவலுக்கு 10 புள்ளிகளோடு இன்டெலிஜென்ஸில் பாதியும் கிடைக்கும். அதாவது 6 வைத்தவருக்கு 13, 10 வைத்தவருக்கு 15. கூடுதல் பாகங்கள் இல்லாத விளையாட்டில் 30-ஆம் லெவலே முடிவு என்பதால், 29 முறை லெவல் ஏறினாலும் இருவருக்கும் உள்ள வேறுபாடு மொத்தம் 58 புள்ளிகள்தான். எஜுகேட்டட் என்ற பெர்க்கை 4-ஆம் லெவலில் எடுத்தால் அது ஒன்றே லெவலுக்கு 2 புள்ளிகள் தந்துவிடும். நம் வீடுகளில் படிப்பு என்றால் எல்லாவற்றுக்கும் மேல் என்று வளர்த்துவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நாம் இங்கேயும் இன்டெலிஜென்ஸில் கொட்டுகிறோமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

எண்டூரன்ஸ் 7, லக் 8 என்பதில் மாற்றுக்கருத்து இல்லை; ஆனால் ஏன் என்பதைச் சொல்லியிருக்கலாம். எண்டூரன்ஸ் ஒரு புள்ளிக்கு உயிர்மதிப்பு 20 கூடுகிறது என்பதற்காக யாரும் அதை உயர்த்துவதில்லை. நியூ வேகஸ் மெடிக்கல் கிளினிக்கில் ஸ்டாட் ஒன்றை ஒரு புள்ளி உயர்த்தும் இம்ப்ளான்ட்டுகளை (உடலுக்குள் பொருத்தும் கருவிகள்) விற்கிறார்கள், ஒன்றுக்கு 4,000 கேப்ஸ் (விளையாட்டின் நாணயம்). எண்டூரன்ஸ் எவ்வளவோ அத்தனை இம்ப்ளான்ட்டுகளை மட்டுமே உடம்பு தாங்கும். ஆகவே 7 வைத்திருப்பவர் ஏழு ஸ்டாட்டுகளுக்கும் ஒவ்வொன்று பொருத்திக்கொண்டு, 40-ஐ 47 ஆக்கிக்கொள்ளலாம். அதற்குத் தேவையான 28,000 கேப்ஸ் எங்கிருந்து வரும் என்றால், லக் அங்கேதான் வேலை செய்கிறது. லக் 7-க்கு மேல் இருந்தால் சூதாட்ட விடுதிகளில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடி வெல்வது மிக எளிது. குறிப்பிட்ட அளவு வென்றதும் ஒவ்வொரு விடுதியும் உங்களை மேலும் ஆடவிடாமல் தடுத்துவிடும். அதற்குள் இம்ப்ளான்ட் செலவில் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும்.

பெர்செப்ஷன் குறைவாக இருந்தால் எதிரி வருவது தாமதமாகத் தெரியும். ப்ரிம் ஊரில் பழுதாகிக் கிடக்கும் ஈடி-ஈ என்ற இயந்திரத்தைச் சீர்செய்து உடன் அழைத்துக்கொண்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

விவேக்நகர் வாசகன்:

இரண்டு சிறு குறிப்புகள் மட்டும். விளையாட்டின் தொடக்கத்தில் டாக்டர் மிட்செல் வீட்டில் தேர்ந்தெடுத்தவை இறுதியானவை என்று அஞ்ச வேண்டாம். குட்ஸ்பிரிங்ஸ் எல்லையைத் தாண்டும்போது ஸ்டாட், டேக், ட்ரெய்ட் (நன்மையும் தீமையும் சேர்ந்த தனி இயல்பு) அனைத்தையும் மாற்ற ஒரு வாய்ப்பு தரப்படும். அதன்பின் இம்ப்ளான்ட் தவிர இன்டென்ஸ் டிரெய்னிங் என்ற பெர்க் வழியாகத்தான் ஸ்டாட்டை நிலையாக உயர்த்த முடியும், அதற்கு ஒரு பெர்க்கையே விலையாகக் கொடுக்க வேண்டும். இந்த விளையாட்டில் இரண்டு லெவலுக்கு ஒரு பெர்க் மட்டுமே கிடைக்கிறது.

இன்னொன்று, பேசித் தீர்ப்பவர்களுக்கு குட் நேச்சர்டு என்ற ட்ரெய்ட் பொருத்தமானது. ஸ்பீச், ரிப்பேர், மெடிசின், சயின்ஸ், பார்ட்டர் ஐந்திலும் 5 கூடும். சண்டைக்குரிய ஸ்கில்களில் 5 குறையும்.

ஈஜிபுரா இரவுப்பணி:

அண்ணனுக்கும் அக்காவுக்கும், விவேக்நகர் நண்பருக்கும் நன்றி. நீங்கள் மூவரும் சொன்னதை வைத்து அலுவலக கேபில் வீடு திரும்பும் வழியில், சில்க் போர்டு சிக்னலில் நின்றபடியே கணக்குப் போட்டேன். குட் நேச்சர்டு எடுத்தால் கரிஸ்மா 1, லக் 8 வைத்தாலும் டேக் செய்த ஸ்பீச் 28 வருகிறது. ஆகவே ட்ரூடியைத் தாண்டிவிடலாம். மிஞ்சும் இரண்டு புள்ளிகளைப் பெர்செப்ஷனில் போட்டு 6 ஆக்கினால், 16-ஆம் லெவலில் பெட்டர் கிரிட்டிகல்ஸ் பெர்க்குக்கும் தகுதி வந்துவிடுகிறது. இன்டெலிஜென்ஸை மட்டும் அக்கா சொன்னபடி குறைக்க மனம் வரவில்லை. கன்ஸ் 28-ஆக இறங்குகிறது, சமாளிக்க முடியுமா?

அல்சூர் ஏரிக்கரை:

நான் ட்ரெய்ட்டைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. உங்கள் பங்கீடு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கன்ஸ் 28 தொடக்கத்துக்குப் போதும். ஆனால் ஸ்ட்ரெங்த் 4 என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இவ்வளவு ஸ்ட்ரெங்த் வேண்டும் என்று விதி உண்டு, அது இல்லையென்றால் குறி ஆடும். பெரிய துப்பாக்கிகளைக் கண்டு ஆசைப்படாமல், முதல் இம்ப்ளான்ட்டை ஸ்ட்ரெங்த்துக்கே போடுங்கள்.

ஈஜிபுரா இரவுப்பணி:

இன்று காலை ட்ரூடி சம்மதித்துவிட்டார். பார்ட்டர் போதாததால் செட் என்ற கடைக்காரர் மட்டும் கவசம் தர மறுத்தார். நாளை தெற்கு வழியாக ப்ரிமுக்குக் கிளம்புகிறேன்.